கட்டாருக்கு நான் அனுப்பிய மனிதர்

மாமி என்னிடம் முதன்முதலாக ஆர்வத்தோடு கேட்ட கேள்வி, "என்னவாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்டவை எல்லாம் கறிக்கு உப்புப் போட்டாயா, படலையைச் சாத்தினாயா என்ற வகை. அவை கேள்விகள் அல்ல, அதட்டல்கள். "என்னவாம்?" என்று கேட்டபோது அவருடைய கண் டீவியில் இருந்தது. அதில் ஓர் இளம்பெண் சிங்களத்தில் அழுதுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் சிங்களம் ஒழுங்காக விளங்கும் ஒரே ஆள் நான்தான்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நாங்கள் புத்தளத்தில், கற்பிட்டி ரோட்டுப் பக்கம் இருந்தோம். என் கணவரின் குடும்பம் தொண்ணூறில் மற்ற வடக்கு முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கல் வீட்டில் பாதி வரை ஏறியிருந்தார்கள். நான் சிலாபம் பக்கத்துப் பெண், சிங்களப் பாடசாலையில் படித்தவள். தமிழ் பேசினால் இடையில் "ஹரி" வரும், "நே" வரும். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதான் வழக்கம். என் உம்மா மௌத்தாகிக் கண் மூடியபின், என் அண்ணன், நானா, தன் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்ததால், நான் தலைகீழாக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமி தன் தங்கை மகளுக்கென்று நினைத்து வைத்திருந்த இடத்தில், வழக்கமும் இல்லாமல் பேச்சும் சரியில்லாமல் நான் வந்து நின்றேன். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போனதில் எனக்கு வியப்பு இருக்கவில்லை. கோபம் இருந்தது.

போதாக்குறைக்கு, கல்யாணம் முடிந்த வருடமே என் கணவர் கட்டாருக்கு வாகனம் ஓட்டப் போனார். பாதியில் நின்ற வீட்டை முடிக்க வேறு வழி தெரியவில்லை. போங்கள் என்று நான் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் வந்தவள் ஓதித்தான் மகன் போனான் என்பது மாமியின் முடிவு. அதை என் முகத்துக்கு நேரே அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், எனக்குக் கேட்கும் தூரத்தில் நின்று, "அனுப்பிப் போட்டாள்" என்பார். அந்த ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே குசினிக்குள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

இந்த லட்சணத்தில் இருந்த எங்களை ஒரே பாயில் இருத்தியது டீவிதான். அன்டனாவில் தெளிவாக விழுந்தது ஒரு சிங்களச் சனல் மட்டும். தமிழ்ச் சனல், உப்பை அள்ளிக் கொட்டியதுபோல் வெள்ளையாக இரையும். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்தால் மாமா கதிரையில், நானும் மாமியும் பாயில், மாமியின் இளைய மகள் சுவரோரம். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்த நேரத்து நாடகங்கள் நல்லவை, இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஒரு வீடு, ஒரு குளக்கட்டு, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு வாத்தியார். யாருக்காவது பெரிய கோபம் வந்தால் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவார். அரை மணித்தியாலத்தில் ஒன்றுமே நடக்காது, ஆனால் எழும்பவும் மனம் வராது. மாமாவுக்கு உப்பளத்துச் சிங்களம் தெரியும்: தூக்கு, இறக்கு, நாளைக்கு வா. நாடகத்துப் பெண்கள் அந்தச் சொற்களை வைத்து அழுவதில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லச் சொல்ல என் தமிழும் திருந்தியது. நான் தடுக்கி விழும் இடத்தில் மாமி சரியான சொல்லை எடுத்துத் தருவார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. பகலில் அதே பிழைக்குச் சிரித்தவர்தான். நாடக நேரத்தில் மட்டும் சிரிக்கவில்லை. கதை நின்றுவிடுமே என்ற பயமாக இருக்கலாம்.

சங்கடமான இடம் வந்தால் தப்பிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். திரையில் ஓர் ஆணும் பெண்ணும் கொஞ்சம் நெருங்கி நின்றால் மாமாவுக்குத் தண்ணீர் விடாய்க்கும். மாமி பாயில் பிரிந்த ஓலையை ஆராய்வார். மதினிக்கு அடுப்பு ஞாபகம் வரும். நான் செம்பை எடுத்து வருவதற்குள் திரையில் சவர்க்கார விளம்பரம் ஓடும், எல்லோரும் பழையபடி நிமிர்ந்து இருப்பார்கள். அப்போதெல்லாம் மாமா எப்போதாவதுதான் தண்ணீர் கேட்டார். டீவி எந்தக் காலத்தில் கெடத் தொடங்கியது என்று யாராவது ஆராய்ச்சிக்கு வந்தால், நான் எங்கள் வீட்டுச் செம்பைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நாடகத்தின் நடுவில் இரவுத் தொழுகைக்கு, இஷாவுக்கு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும். பாங்கு கேட்டதும் டீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவோம். நிற்பாட்டுவதில்லை. அது பழைய பெட்டி, நிற்பாட்டினால் திரும்பப் படம் வர நேரம் எடுக்கும். பாங்கு முடியும் வரை யாரும் கதைப்பதில்லை. பாங்குக்குப் பதில் சொல்லும் எங்கள் உதடுகள் அசையும், திரையில் அவர்களுடைய உதடுகளும் அசையும். கண் அங்கேதான் இருக்கும், அல்லாஹ் மன்னிக்கட்டும். பிறகு துஆ ஓதி, சத்தத்தைக் கூட்டியதும் மாமி என் பக்கம் திரும்புவார். "என்னவாம்?"

சத்தமில்லாத நேரத்தில் பேசியது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? மாமி அதை யோசிக்கவில்லை. சிங்களம் தெரிந்தவளுக்கு வாயசைவும் தெரியும் என்று நம்பினாரோ என்னவோ. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் வேறு எதற்கும் யாரும் என்னை அப்படி நம்பிக் கேட்டதில்லை. ஆகவே முகங்களைப் பார்த்து ஒரு ஊகத்தில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. நல்ல மனிதர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஊகிப்பது பெரிய வேலையல்ல.

பிறகு புதிய நாடகம் ஒன்று தொடங்கியது. கடற்கரை வீடொன்றுக்கு ஓர் இளம்பெண் வந்து தங்குகிறாள். கிழமைகள் போக அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியது. கல்யாணம் நடந்ததாக ஒரு பேச்சும் இல்லை. வேறொருத்தியின் கணவனோடு அவளுக்குத் தொடர்பு என்பதை நாடகக்காரர்கள் ஒளிக்கவுமில்லை. சிங்களத்தில் பச்சையாகவே பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, பாதி விளங்காதவள்போல் நாளைக் கடத்தினேன். மதினிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவள் சுவரோரம் இருக்க, மாமா கதிரையில் இருக்க, இதை நான் என் வாயால் எப்படிச் சொல்வது?

அன்று பாங்கு என்னைக் காப்பாற்றியது. சத்தம் குறைந்த நேரத்தில் அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று, அந்த வீட்டுக்காரியிடம் வயிற்றைத் தடவியபடி நீளமாக எதையோ சொன்னாள். பாங்கு முடிந்ததும் மாமி திரும்பினார். மாமாவும் காதைத் தந்தார்.

"என்னவாம்? புருசன் எங்கயாம்?"

"கட்டார்ல மாமி" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. என் வாயில் எப்போதும் நின்ற ஊர் அதுதான், அது வந்து விழுந்தது. பிறகு மாமி, "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஆள் கூடினார். அவருக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. நாடகத்தில் தலை காட்டவும் மாட்டார். ஆனால் மாமி அவரை ஒவ்வொரு நாளும் விசாரித்தார். போன் கோல் எடுத்தானாமா, அங்கே வெயில் எப்படியாம், சோறு யார் ஆக்குவதாம் என்றெல்லாம் கேட்பார். நான் சொல்வேன். ஒரே அறையில் பல பேராம், ஆனால் எல்லோரும் நல்லவர்களாம். முறை வைத்துச் சமைக்கிறார்களாம், அவர் முறை வரும் நாளில் பருப்பு அடிப்பிடிக்குமாம். பகலில் வாகனத்தின் கதவைத் தொட்டால் கை சுடுமாம். இதெல்லாம் என் கணவர் போனில் என்னிடம் சொன்னவை. உம்மாவோடு பேசும்போது, கவலைப்படுவார் என்று, எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். மகனைப் பற்றி என்னிடம் கேட்க மாமியின் கௌரவம் விடவில்லை. கேட்காதவரிடம் போய்ச் சொல்ல என் ரோசமும் விடவில்லை. நாடகத்துப் பெண்ணின் புருசன் என்றால் இரண்டு பேருக்கும் தடை இருக்கவில்லை.

ஒருநாள் தொழுது முடித்து மாமி நீளமாக துஆ கேட்டார். நோயாளிகளுக்கு, கடனாளிகளுக்கு, தூர தேசத்தில் உழைக்கிறவர்களுக்கு எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "அந்தப் புள்ளட புருசனையும்" என்று சேர்த்தார். பின்னால் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமீன் சொல்லும்போது அழுகையும் வந்தது.

பொய் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நாடகம் எழுதியவரும் இல்லாத ஆட்களைத்தானே உண்டாக்கினார். அவர் உண்டாக்கிய ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஒன்றாக இருந்து பார்க்க முடியவில்லை. நான் உண்டாக்கிய ஆளை வைத்துக்கொண்டு முடிந்தது.

ஆனால் நாடகம் போகப் போக என் வேலை கூடியது. குடி, கத்தல், கன்னத்தில் அறை. மாமாவின் செம்பு ஒரே மாலையில் இரண்டு தரம் நிரம்பியது. மொழியைத்தான் நான் மாற்றலாம், படத்தை மாற்ற முடியாதே. ஒருநாள் அந்த மற்றவளின் கணவன் நேரே வந்து இவளுடைய கையைப் பிடித்தான். அவளுடைய நானாவாம் என்றேன். "நானா இப்பிடியா பார்ப்பான்?" என்று கேட்டுவிட்டு மாமி ஓலையை ஆராயத் தொடங்கினார்.

அந்த நாட்களில்தான் மதினியைப் பெண் பார்க்க முந்தலிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். இறால் பண்ணை வைத்திருந்த வீட்டுக்காரி. சிங்களமும் தமிழும் அவருக்கு ஒன்றுதான். தொதலும் தேநீரும் வைத்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி நாடகத்தில் வந்து நின்றது. மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தப் பெண் பாவம், புருசன் கட்டாரில், பிள்ளைப்பேறும் கிட்டுகிறது என்று சொந்த மகளுக்கு இரங்குவதுபோல் சொன்னார். வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி ஒரு புருசன் நாடகத்திலேயே இல்லை, அவள் எப்படிப்பட்டவள், வயிற்றில் இருப்பது யாருடைய பிள்ளை என்று ஒன்று விடாமல், மாமாவும் கேட்க, விளக்கமாகச் சொன்னார். நான் தட்டை ஏந்திக்கொண்டு கதவடியில் நின்றேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் பாங்கு நேரத்துல போனவன்" என்றார் வந்தவரிடம். "நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

வந்தவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். மாமி என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது வெளியாளுக்கு முன்னால் மட்டும்தான். அன்று மாலை வழக்கம்போல் டீவி போட்டோம். பாங்கு சொன்னது, சத்தத்தைக் குறைத்தோம், கூட்டினோம். நான் காத்திருந்தேன். மாமி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மகனை அனுப்பியவள் போதாதென்று, இல்லாத ஒருவனுக்குத் தன்னை துஆ கேட்க வைத்து வேடிக்கை பார்த்தவள் என்று நினைத்திருப்பார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. கறிக்கு உப்புப் போட்டாயா என்ற பழைய இடத்துக்கே நாங்கள் திரும்பிப் போனோம்.

முந்தல் பேச்சு சரிவரவில்லை, அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. அடுத்த வருடம் எங்கள் கூரையில் டிஷ் ஏறியது. என் கணவரின் ஆசை அது. உம்மா தமிழிலேயே பார்க்கட்டும் என்று சொல்லி ஏற்பாடு செய்தார். எத்தனையோ தமிழ்ச் சனல்கள், எல்லாம் கண்ணாடிபோல் தெளிவு. முதல் இரண்டு நாளும் வீடு பெருநாள் வீடாக இருந்தது. இனிமேல் என் தயவு யாருக்கும் தேவையில்லை என்று எனக்குள் ஒன்று குத்தியதையும் மறைக்க மாட்டேன்.

தமிழில் வந்தால் சுகம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எல்லாம் விளங்கியதுதான் கஷ்டமாகப் போனது. சிங்களத்தில் அசிங்கம் வந்தபோது நடுவில் சல்லடை பிடிக்க நான் இருந்தேன். இப்போது கல்லும் உமியுமாக நேரே வந்து மடியில் விழுந்தது. மருமகள் மாமியாரின் பாலில் நஞ்சு கலந்தாள். மாமியார் மருமகளைப் படியில் தள்ளினாள். இரண்டு பேரும் படுக்கும்போதும் பட்டுச்சேலையோடு படுத்தார்கள். நாங்கள் மாமியும் மருமகளுமாக, ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசாமல், அதை ஒரே பாயில் இருந்து பார்க்க வேண்டும். சிரிப்பு நிகழ்ச்சி என்று மாற்றினால், பெரியவர்களே வாய் கூசும் பேச்சைப் பால் மணம் மாறாத பிள்ளைகளைக் கொண்டு பேச வைத்துக் கை தட்டினார்கள். ஆட்டப் போட்டியைச் சொல்லவே வேண்டாம். செய்தியைப் போட்டால் பிரேதத்தைக் கிட்டக் காட்டினார்கள்.

மாமாவுக்குச் செம்பு போதவில்லை. ஒருநாள் எழுந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனார். போனவர் போனவர்தான். மதினி போனில் வயரைச் செருகிக் காதில் போட்டுக்கொண்டு, அறைக்குள் தனியாக எதையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். எனக்குக் குசினி. பாயில் மாமி மட்டும் மிஞ்சினார். ரிமோட்டை அழுத்தி அழுத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார், எதிலும் நிற்க மாட்டார். நாங்கள் முன்பு உத்தமர்களாக இருந்து பிறகு கெட்டுப்போனோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றாக இருந்து பார்க்கிறவர்களுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் டீவிக்காரர்களுக்கு இல்லாமல் போயிற்று. தனித்தனியாக இருப்பவர்களுக்கு விற்பது அவர்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று என் கணவர் சொல்லியிருந்தார். பெருநாள் கிட்ட வந்தபோது, வேலைக் காலத்தை நீட்டிவிட்டார்கள், இப்போதைக்கு வர முடியாது என்று போன் பண்ணினார். உம்மாவிடம் அவரே சொன்னார். எல்லாம் நல்லம் என்று தொடங்கித்தான் சொல்லியிருப்பார். மாமி போனை என் கையில் தந்துவிட்டுப் போய் டீவியைப் போட்டார்.

நான் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்தேன். உரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆனால் கண் கலங்கியிருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பாங்கு சொன்னது. மாமி சத்தத்தைக் குறைத்தார், டிஷ் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பாங்கு முடிந்தது. துஆ முடிந்தது. சத்தம் கூடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். திரையில் பட்டுச்சேலைக்காரி வாயை மட்டும் அசைத்து யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மாமி ரிமோட்டைப் பாயில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இங்க வா புள்ள" என்றார். பக்கத்தில் இடத்தைக் கையால் தட்டினார். நான் போய் இருந்தேன்.

"என்னவாம்?"

அது தமிழ் நாடகம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். ஒன்றும் விளங்காமல், இவள் அவளோடு சண்டையாம் என்று தொடங்கினேன். மாமி கையை அசைத்து நிறுத்தினார்.

"இதுகளட கதைய யாரு கேட்ட? கட்டாருக்குப் போனவன் என்ன ஆனான்? அதச் சொல்லு."

"அப்பிடி ஒருத்தர் இல்லையே மாமி" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீதானே அனுப்பின. நீயே கூப்பிடு."

அனுப்பிப் போட்டாள் என்ற சொல்லை நான் எத்தனையோ தரம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார். அதில் கோபம் இருக்கவில்லை. எனக்கு வந்தது சந்தோசமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியாது.

கூப்பிட்டேன். பெருநாளுக்கு முதல் நாள் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினாராம் என்றேன். வேனில் சிலாபம் தாண்டும் வரை தூக்கமாம். முந்தல் தாண்டி, உப்புக் களப்புக் காற்று வந்ததும் தானாக விழித்து, கண்ணாடியை இறக்கச் சொன்னாராம். உம்மாவுக்குத் தொழுகைப் பாயும் வாப்பாவுக்கு அத்தரும் பெட்டிக்குள் இருக்காமல் மடியிலேயே இருந்ததாம். படலையடியில் இறங்கி நின்று ஸலாம் சொல்லி, உம்மா என்று கூப்பிட்டாராம். மாமா தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகப் புறப்பட்டவர், விறாந்தை வாசலில் நின்றுவிட்டார். அன்று ஜமாஅத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போயிருப்பார். அவர் தண்ணீர் கேட்கவில்லை.

மாமி திரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். அங்கே பட்டுச்சேலைக்காரி ஒரு கோப்பைப் பாலில் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

"மெலிஞ்சிட்டானா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

"அதுக்கென்ன" என்றார் மாமி. "வரட்டும். நாம ரெண்டு பேரும் ஆக்கிக் குடுப்பம்."